மிளகுக்கு மூன்று விசில்

இது இரண்டு விஷயங்களுக்கான மதிப்புரை. ஒன்று, மதுரையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் சின்னக் கால்நடை கிளினிக். இன்னொன்று, எங்கள் நாய்க்குட்டி மிளகின் தோல் நோய்க்கு அங்கே எழுதிக்கொடுத்த மருந்து ஷாம்பு. கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். "வேண்டாம் டீச்சர், இருக்கிற கூட்டத்தையே பார்த்து முடிக்க முடியல" என்றார். அதற்கு முன் நாங்கள் போன இடத்தின் பெயரையும் போடவில்லை. அங்கே நடந்ததில் பாதித் தப்பு எங்களுடையது, அதனால்.

மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தது ஐப்பசிக் கடைசியில், நல்ல மழை நாளில். மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே கிடந்த நான்கு குட்டிகளில் அது ஒன்று. ஒரு கல்லூரிப் பெண் நான்கையும் தூக்கிவந்து, தன் வீட்டில் ஏற்கெனவே இருந்த மூன்று பூனைக்குட்டிகளோடு வைத்து வளர்த்துக்கொண்டிருந்தாள். ஆண் குட்டிகள் மூன்றும் போய்விட்டன. பெண் என்பதால் இதை யாரும் கேட்கவில்லை. ஏழு வாரம், இரண்டரை கிலோ, தலை முதல் வால் வரை கறுப்பு. நான் மிளகு என்று பெயர் வைத்தேன். அம்மாவுக்கு அது இன்றுவரை கருப்பிதான்.

வந்த ஐந்தாம் நாள் இடது காது விளிம்பில் முடி உதிர்ந்து ஒரு வட்டம் தெரிந்தது. ஐந்து ரூபாய்க் காசு அளவு. நடுவில் சாம்பல் தூவினாற்போல் பொருக்கு, ஓரத்தில் மெல்லிய சிவப்பு. அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு "புழுவெட்டு" என்றார். புழுவெட்டுக்கு எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரே வைத்தியம். சின்ன வெங்காயத்தை நறுக்கி அழுத்தித் தேய்ப்பது. என் தம்பிக்குப் பத்து வயதில் தேய்த்திருக்கிறார்கள், முடி வளர்ந்தது. (அந்த வகைப் புழுவெட்டு பல பேருக்குத் தானாகவே சரியாகிவிடும், வெங்காயம் பெயரைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது.) மிளகுக்கும் இரண்டு நாள் தேய்த்தார். தேய்த்த கையை அது நக்கியது. நாய்க்கு வெங்காயம் விஷம், ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் போன கிளினிக் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே பார்த்தார். "தெருக்குட்டியா? சொறிதான்" என்றார். ஓர் ஊசி. ஒரு வாரம் கழித்து இன்னொன்று. சீட்டில் ஐவர்மெக்டின் என்று எழுதியிருந்தது. தோலைச் சுரண்டிப் பார்க்கவில்லை. அதோடு, மருந்து நன்றாகப் படும் என்று சொல்லி உடம்பு முழுக்க மெஷின் வைத்து முடியை மழித்துவிட்டார்கள். பாவம், குட்டி எலி போல இருந்தது. மழையில் நடுங்கியது. அம்மா தன் பழைய வாயில் புடவையைக் கிழித்துச் சுற்றிவிட்டார்.

ஐவர்மெக்டின் நல்ல மருந்துதான். சொறியை உண்டாக்கும் உண்ணிப்பூச்சிகளைக் கொல்லும். மிளகுக்கு இருந்தது பூச்சி இல்லையே. பத்து நாளில் ஒரு வட்டம் ஆறு வட்டமானது. மழித்த மெஷின் தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டிருக்கிறது, அந்தக் கீறல் ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த வாசல். இதுவும் பின்னால் தெரிந்துகொண்டதுதான்.

அதே நேரத்தில் அம்மாவின் முழங்கைக்குக் கீழே ஒரு படை வந்தது. வட்டமாக, அரிப்போடு. கருப்பியை மடியில் போட்டுக்கொண்டே டிவி பார்ப்பவர். மெடிக்கல் ஷாப்பில் காட்டியதும் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். சீட்டுக் கேட்கவில்லை. மூன்றே நாளில் சிவப்பு மங்கி அரிப்பு நின்றது. அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "இதையே கருப்பிக்கும் போட்டா என்ன?" என்றார். நானும் சரி என்றேன். மிளகுக்கும் மூன்று நாளில் சிவப்பு மங்கியது. ஒரு வாரம் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

அப்புறம் எல்லாம் சேர்ந்து திரும்பி வந்தது. இந்தமுறை வட்டமாகக்கூட இல்லை. ஓரம் கலைந்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று படர்ந்தது. என் மணிக்கட்டில் வாட்ச் கட்டும் இடத்திலும் ஒன்று. அன்றைக்குத்தான் ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். ஒரு பாக்டீரியா மருந்து, ஒரு பூஞ்சை மருந்து, கூடவே க்ளோபெட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளில் மிக வீரியமானவற்றில் ஒன்று. அது கிருமியைத் தொடுவதில்லை. கிருமியோடு உடம்பு போடும் சண்டையைத்தான் நிறுத்துகிறது. சண்டை நின்றால் சிவப்பு இருக்காது, அரிப்பு இருக்காது. பூஞ்சை மட்டும் நிம்மதியாக வளரும். இதனால்தான் நம் நாட்டில் படர்தாமரை லேசில் போகாத நோயாகிவிட்டது என்று தோல் மருத்துவர்கள் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 2018ல் மத்திய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது. ட்யூபும் கிடைக்கிறது.

மாடி கிளினிக்கைச் சொன்னது மிளகை எடுத்துவந்த அதே கல்லூரிப் பெண். அவளிடம் சண்டைக்குப் போகத்தான் போன் செய்தேன். "அக்கா, என் பூனைக்குட்டிக்கும் மூக்கில முடி கொட்டுது" என்று அவளே அழுதாள். சண்டை அத்தோடு போயிற்று.

மார்கழிக்கு முந்தைய சனிக்கிழமை. பதினெட்டுப் படி. வரவேற்பில் டாக்டரின் அப்பா, பெரிய கணக்கு நோட்டோடு. என் மணிக்கட்டையும் கூடைக்குள் மிளகையும் பார்த்தவர் "உள்ளே உட்கார வேண்டாம்மா, ஆட்டோவிலேயே இருங்க, கடைசியாக் கூப்பிடுறேன்" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆட்டோவில் காத்திருந்தோம், வெயிட்டிங் சார்ஜோடு. பெஞ்சில் மற்ற குட்டிகளும் இரண்டு பூனைகளும் இருந்தன என்பதை யோசித்தபிறகு கோபம் போனது. முந்தைய இடத்தில் நாங்கள் இரண்டு முறை எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து எத்தனை வீட்டுக்கு இதைக் கொடுத்தனுப்பினோமோ.

டாக்டருக்கு வயது முப்பது இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு மிளகைத் தரையில் விட்டார், தானும் தரையில் உட்கார்ந்தார். ஒரு ஐந்து நிமிடம் எதுவும் செய்யவில்லை. அது வந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் காதைத் தொட்டார். எப்போது வந்தது, எங்கே இருந்தது, வீட்டில் யாருக்காவது அரிக்கிறதா, என்னென்ன போட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். வெங்காயம் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்து ஈறின் நிறம் பார்த்துவிட்டு "நல்லவேளை" என்றார். ட்யூபை நீட்டினேன். படித்துவிட்டு மேசை மேல் கவிழ்த்து வைத்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டார். வுட்ஸ் விளக்கு. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1903ல் உருவாக்கிய வடிகட்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து புறஊதாவை மட்டும் விடும். பாடத்தில் ஒளிர்தல் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். மிளகின் காது விளிம்பில் முடியின் அடிக்கட்டைகள் பச்சை ஆப்பிள் நிறத்தில் மின்னின. தோல் மின்னவில்லை, பொருக்கு மின்னவில்லை. முடித்தண்டு மட்டும். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை முடிக்குள் வளரும்போது விடும் பொருள் அப்படி ஒளிரும் என்றார் டாக்டர். பெயரில் நாய் இருந்தாலும் பெரும்பாலும் பூனையிடமிருந்து வருவது. எல்லாப் படர்தாமரைப் பூஞ்சையும் ஒளிராது, அதனால் ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஒளிர்ந்தாலும் அவர் அதோடு நிறுத்தவில்லை. ஒளிர்ந்த முடிகளைப் பிடுங்கி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தார். தோலைச் சுரண்டி, பூச்சி இல்லை என்பதையும் உறுதி செய்தார். கடைசியாக ஒரு புது டூத் பிரஷ்ஷை உறை பிரித்து எடுத்து, அதால் மிளகை உடம்பு முழுக்கச் சீவி, அந்த பிரஷ்ஷை மஞ்சள் நிற ஊடகத்தின் மேல் குத்திக் குத்தி எடுத்தார். இதற்குப் பெயர் கல்ச்சர், கிருமியை வளர்த்துப் பார்ப்பது.

ஏழு நாள் கழித்து அதன் படத்தை அனுப்பினார். மஞ்சள் சிவப்பாக மாறியிருந்தது, இந்தப் பூஞ்சை வளர்ந்தால் அப்படி மாறும். மேலே வெள்ளைப் பஞ்சு. அடுத்தமுறை போனபோது நுண்ணோக்கியில் காட்டினார். நெசவுக் கதிர் போல இரண்டு முனையும் கூராக, உள்ளே அறை அறையாகத் தடுத்த பூஞ்சை வித்துகள். அழகாக இருந்தது என்று எழுதினால் அம்மா அடிக்க வருவார்.

இங்கே ஒரு கிளைக்கதை. வுட்ஸ் விளக்கைப் பார்த்த மயக்கத்தில் நான் ஆன்லைனில் 249 ரூபாய்க்கு ஒரு ஊதா டார்ச் வாங்கினேன். அதற்கும் இங்கேயே மதிப்புரை: காசு தண்டம். மலிவு டார்ச்சில் வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் ஊதா. அதில் பொருக்கு, தூசி, பஞ்சு எல்லாமே நீலமாக மின்னும். ஓர் இரவு மிளகின் வயிறெல்லாம் மின்னுகிறது என்று டாக்டருக்குப் படம் அனுப்பிவிட்டுத் தூங்காமல் இருந்தேன். "அது துண்டு நூல் டீச்சர்" என்று காலையில் பதில் வந்தது. ஒரே ஒரு உபயோகம் உண்டு. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தால், குட்டி எங்கெல்லாம் மூத்திரம் போயிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். சோபாவுக்குப் பின்னால் ஒரு தேசப்படமே இருந்தது.

சிகிச்சைக்கு வருகிறேன். டாக்டர் சொன்னது மூன்று. உள்ளே மாத்திரை, வெளியே ஷாம்பு, வீட்டுக்குத் துடைப்பு. மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் வீண் என்றார். மாத்திரை டெர்பினாஃபின். அப்போதைய நாலு கிலோ எடைக்கு 250 மில்லிகிராம் மாத்திரையில் பாதி, எடை கூடக் கூட முழுசாயிற்று. தயவுசெய்து இந்த அளவை உங்கள் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். தொடங்கும் முன்னும் நடுவிலும் ஈரல் சரியாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் கையைக்கூடப் பார்க்க மறுத்துவிட்டு, "தோல் டாக்டர்கிட்ட போங்க, வீட்டில் பூஞ்சை பிடிச்ச நாய் இருக்குன்னு மறக்காம சொல்லுங்க" என்றார். போனோம். வெறும் பூஞ்சைக் களிம்பு, தோல் பார்க்கச் சரியான பிறகும் இரண்டு வாரம் தடவச் சொன்னார்கள். எங்கள் இருவருக்கும் ஒரு மாதத்தில் போய்விட்டது.

ஷாம்பு: 200 மில்லி பாட்டில், 520 ரூபாய். மைக்கோனசோல் 2 சதவீதம், குளோர்ஹெக்சிடின் 2 சதவீதம். முன்னது பூஞ்சைக்கு, பின்னது பூஞ்சைக்கும் கூடவே புகுந்துகொள்ளும் பாக்டீரியாவுக்கும். பிராண்டைத் தேடாதீர்கள், இந்த இரண்டு பெயரும் இந்த அளவும் பின்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள் என்றார் டாக்டர். வாசனை ஆஸ்பத்திரி வராந்தா போல. நுரை குறைவு. முதல் தடவை நுரை வரவில்லையே என்று அம்மா பாதிப் பாட்டிலைக் கவிழ்க்கப் பார்த்தார். நுரை வருவதற்கும் வேலை செய்வதற்கும் சம்பந்தம் இல்லை. முதலில் வெந்நீரில் முழுக்க நனைத்துவிட்டு, ஷாம்புவை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து ஊற்றினால் அரைவாசி போதும். மூடிதான் மட்டம். ஈரக் கையில் வழுக்கும், திறந்தால் மடமடவென்று கொட்டும். நான் பழைய சாஸ் பாட்டிலுக்கு மாற்றிக்கொண்டேன்.

வட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் தேய்த்தால் போதாது. மூக்கு நுனியிலிருந்து விரல் இடுக்கு வரை முழு உடம்பும். அழுத்தித் தேய்க்கவும் கூடாது, நோய் பிடித்த முடி பொடிப்பொடியாக உடையும். முக்கியமானது, கழுவுவதற்கு முன் பத்து நிமிடம் உடம்பில் ஊறவேண்டும். நனைந்த குட்டியைப் பத்து நிமிடம் பிடித்து வைத்திருப்பதற்குத் தனியாக அவார்டு கொடுக்கலாம். நான் போனில் டைமர் வைத்தேன். நாலாவது நிமிடத்திலேயே அது உதறியது, டைமரும் போனும் வாளிக்குள். வாரத்தில் இரண்டு குளியல், ஞாயிறும் புதனும். புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன் என்பதால் அம்மா பொறுப்பு. அவர் கண்டுபிடித்த முறைதான் கடைசிவரை நிலைத்தது. குக்கரில் அரிசியும் தண்ணீரும் வைத்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஷாம்பு போட ஆரம்பிப்பார். மூன்றாவது விசில் வந்தால் கழுவலாம். எங்கள் குக்கருக்கு அது பதினோரு நிமிடம், நானே வாட்ச் வைத்துப் பார்த்தேன். தை பிறப்பதற்குள் மிளகுக்கும் கணக்குத் தெரிந்துவிட்டது. முதல் இரண்டு விசிலுக்கு அசையாது. மூன்றாவதுக்கு எழுந்து குழாயைப் பார்க்கும். இப்போதும் யார் வீட்டுக் குக்கர் மூன்றாவதாகக் கூவினாலும் இது எழுந்து நிற்கிறது.

மார்கழிக் குளிரில் வாரம் இரண்டு குளியல் என்பது ஷாம்புவின் குறையில் சேருமா என்று தெரியவில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு, மொட்டை மாடியில், வெயிலில் வைத்துத் துவட்ட வேண்டியிருந்தது. ஈரம் தங்கினால் பூஞ்சைக்குத்தான் கொண்டாட்டம். நாலாவது குளியலில் தோல் கொஞ்சம் வறண்டு செதில் உதிர்ந்தது. டாக்டரிடம் கேட்காமல் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். வைத்தோம். வாங்கிக் கட்டிக்கொண்டோம். முதல் பாட்டில் ஆறு குளியலுக்கு வந்தது. குட்டி வளர்ந்துகொண்டே போனதால் ஐந்தாவது பாட்டில் மூன்றுக்கே தடுமாறியது.

வீட்டைத் துடைப்பதுதான் எனக்கு மாத்திரை, ஷாம்பு இரண்டையும்விடச் சிரமமாக இருந்தது. உதிர்ந்த முடியில் இருக்கும் பூஞ்சை வித்துகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஒன்றரை வருடம் வரைகூட என்றார் டாக்டர். விளக்குமாறு எடுக்கக்கூடாது, முடி பறந்து மின்விசிறி மேல் உட்காரும். முதலில் ஈரத்துணியால் முடியை வழித்தெடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அப்புறம்தான் பிளீச்சிங் கரைசல். அழுக்கின் மேல் பிளீச்சிங்கைக் கொட்டினால் அழுக்குதான் வெளுக்கும். பாத்ரூம் ஆசிட்டோடு அதைக் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும், இதை என் மாணவர்களுக்கும் வருடாவருடம் சொல்கிறேன். தேங்காய் நார் மிதியடி, மிளகு படுத்த சாக்கு, கிழித்த வாயில் புடவை மூன்றும் குப்பைக்குப் போயின. துணிகளை இரண்டு தடவை துவைத்தோம். வெந்நீர் அவசியம் இல்லை, மெஷினை நெருக்கி நிரப்பாமல் இருந்தால் போதும்.

குட்டியைத் தனி அறையில் அடைத்துவிடலாம் என்பதுதான் என் முதல் யோசனை. டாக்டர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நோட்டுத் தாத்தாவும் எழுந்து வந்து "அடைச்சீங்கன்னா பைத்தியமாயிரும்மா" என்றார். மூன்று மாதத்துக்குள் மனிதரையும் சத்தத்தையும் பழகாத நாய், நோய் சரியானாலும் வாழ்நாள் முழுக்கப் பயந்தாங்கொள்ளியாக இருக்கக்கூடும். மிளகு ஏற்கெனவே அந்த வயதின் கடைசியில் நின்றுகொண்டிருந்தது. ஆகவே டைல்ஸ் போட்ட சமையலறை ஓரத்தில் தட்டி வைத்து அடைத்தோம். குக்கர் சத்தம், மிக்ஸி சத்தம், பால்காரர், எல்லாம் அங்கேயே கிடைத்தது. அதோடு உட்காருவதற்கென்றே எனக்கும் அம்மாவுக்கும் ஆளுக்கொரு பழைய நைட்டி. உள்ளே போனால் மாட்டிக்கொள்வது, வெளியே வந்தால் கழற்றி வாளியில் போட்டுக் கை கழுவுவது. கொரோனாவுக்குப் பிறகு இது ஒன்றும் புதிதில்லை. கீழ்வீட்டுக்காரர்கள் குடியிருப்புச் சங்கத்தில் பேச்சைக் கிளப்பினார்கள். அதற்கும் டாக்டர் ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார். என்ன நோய், எப்படிப் பரவும், எவ்வளவு நாளில் முடியும், யார் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று, தமிழில், புரியும் கையெழுத்தில். அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கவில்லை.

இப்போது எங்கள் இரண்டாவது தப்பு. நாலு வாரத்தில் காது முழுக்க முடி வளர்ந்துவிட்டது. கறுகறுவென்று, பளபளவென்று. பொங்கலுக்கு சிவகங்கைப் பக்கம் ஊருக்குப் போனோம். மாத்திரைப் பட்டையும் ஷாம்புவும் மதுரையில் சமையலறை அலமாரியிலேயே நின்றுவிட்டன. வாங்கியிருக்கலாம். "அதான் நல்லாயிருச்சே" என்று நானும் அம்மாவும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டோம். பண்டிகை முடிந்து, உறவில் ஒரு கல்யாணமும் முடிந்து, திரும்ப இரண்டு வாரம். தை நடுவில் எடுத்த கல்ச்சரில் மஞ்சள் மறுபடி சிவந்தது. மூன்றே மூன்று வெள்ளைப் பஞ்சு. உடம்பில் ஒரு வட்டமும் தெரியவில்லை, வால் நுனியில் விரல்நக அளவு மெலிந்திருந்ததோடு சரி. கண்ணுக்குச் சரியாவது முதலில், கிருமி ஒழிவது அதற்கு எத்தனையோ நாள் பின்னால் என்று டாக்டர் விளக்கினார். ஊதா விளக்கையும் போட்டுக் காட்டினார். வாலில் இரண்டே முடி, நுனியில் மட்டும் பச்சை.

எனக்கு இந்த டாக்டரிடம் பிடித்தது அந்த நாள்தான். வெளிப்பார்வைக்கு நோய் தெரியாத ஒரு குட்டியின் வாலில் இரண்டு முடிக்காகக் கல்ச்சர் எடுத்துப் பார்த்திருக்காவிட்டால், நாங்கள் நிறுத்தியது நிறுத்தியதாகவே இருந்திருக்கும். இன்னும் இரண்டு மாதத்தில் புது மருந்து, புது டாக்டர் என்று அலைந்திருப்போம். அந்தக் கல்லூரிப் பெண்ணின் பூனைக்குட்டிகளையும் அவரே பார்த்தார். ஒரே நாளில் மூன்றையும் வரச்சொல்லி, ஒரு கன்சல்டேஷன் காசுதான் வாங்கினார்.

பிறகு மருந்தைத் தவறவிடவில்லை. மாசிக் கடைசியில் ஒரு கல்ச்சர், அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டையும் மூன்று வாரம் வரை வைத்துப் பார்த்தார்கள், மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. முதல் நாளிலிருந்து பதினோரு வாரச் சிகிச்சை, நடுவில் நாங்கள் தொலைத்த இரண்டு வாரம் தவிர்த்து. இதற்கிடையிலேயே தடுப்பூசிகள் எல்லாம் நாள் தவறாமல் போட்டாயிற்று, வெறிநாய்க்கடி ஊசி உட்பட. மிளகு இப்போது ஒன்பது கிலோ.

செலவைப் பலரும் கேட்பார்கள். ஒருமுறை பார்க்க 250, கல்ச்சர் ஒன்று 500, ரத்தப் பரிசோதனை 600. ஐந்து பாட்டில் ஷாம்பு, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோ வெயிட்டிங்கைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். முதல் கிளினிக், ஊசி, மழிப்பு, ட்யூப் எல்லாம் சேர்ந்து 2,300. முதலிலேயே ஒரு கல்ச்சர் எடுத்திருந்தால் அந்த 2,300 மிச்சம், மூன்று வாரமும் மிச்சம், ஒருவேளை என் மணிக்கட்டும் மிச்சம்.

குறைகள் உண்டு. போனில் டோக்கன் கிடையாது. நேரில் போய் நோட்டில் பெயர் எழுதவேண்டும், தாத்தாவுக்குக் காது மந்தம், மிளகு என்று சொன்னால் "விளக்கா?" என்பார். சீட்டில் இன்றுவரை விளக்குதான். கார்டு வாங்குவதில்லை, ஐநூறு ரூபாய் நீட்டினால் சில்லறை தேடி இருவரும் அலைவார்கள். ஞாயிறு விடுமுறை, என் போல வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் ஒரே நாள். கல்ச்சர் முடிவைச் சொல்ல ஒருமுறை மறந்துவிட்டார், நான்தான் கூப்பிட்டுக் கேட்டேன். ராத்திரி அவசரத்துக்கு இந்த இடம் இல்லை.

கிளினிக்குக்கு ஐந்துக்கு நாலரை. ஷாம்புவுக்கு நாலு, அரை மதிப்பெண் அந்த மூடிக்காகக் குறைத்தது, இன்னொரு அரை விலைக்காக. யாருக்காவது முகவரி வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், டாக்டரிடம் சொல்லாமல் தருகிறேன். தோல் வியாதி என்றால் முன்னாலேயே தாத்தாவிடம் சொல்லிவிட்டு வெளியே காத்திருங்கள். போகிற அன்றைக்கு எந்தக் களிம்பும் தடவாதீர்கள், சில மருந்துகள் விளக்கில் தாமே மின்னும். பதினெட்டுப் படியிலும் கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான், குட்டியை வலது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.